பெட்டியில் வந்த விமானமும் நாமே வரைந்த விமானமும்

வானொலி அலைகளால் இயங்கும் சிறு விமானத்தைப் பெட்டியில் வரும் உறுப்புகளைக் கொண்டு கட்டிப் பறக்கவிடும் வழக்கம் இன்று நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் காணப்படுகிறது. பெட்டியைத் திறந்தால் மெல்லிய மரத்தகடுகளும், கம்பிகளும், சிறு சக்கரங்களும், ஒரு வரைபடமும் இருக்கும். வரைபடம் சொல்லும் முறைப்படி அவற்றை ஒட்டிச் சேர்த்தால் விமானம் உருப்பெறும். இதனைப் பிள்ளை விளையாட்டென்று ஒதுக்குவோர் உண்டு. பிறர் வெட்டித் தந்த துண்டுகளை ஒட்டுவதில் என்ன கல்வி இருக்கிறது என்று வினவுவோரும் உண்டு. இந்த வினா பெங்களூருக்குப் புதிதன்று. இந்திய நாட்டு விமானத் தொழிலே அந்நகரில், கடல் கடந்து பெட்டிகளில் வந்த உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டியதில்தான் தொடங்கியது. பெட்டியில் தொடங்கியவர் எவ்வாறு பெட்டியைக் கடந்தனர் என்பதையே இவ்வுரையில் நாம் காணவிருக்கிறோம்.

1940-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், வால்சந்த் ஹிராசந்த் என்னும் தொழிலதிபரின் முயற்சியால் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனி பெங்களூரில் பதிவு செய்யப்பட்டது. அவர் கட்டடத் தொழிலிலும் கப்பல் தொழிலிலும் பெயர் பெற்றவர். விமானம் கட்டிப் பழகியவர் அல்லர். அத்தொழிலின் நுட்பத்தையும் கருவிகளையும் கொண்டுவரும் பொறுப்பை வில்லியம் பாலி என்னும் அமெரிக்கர் ஏற்றார். திவான் மிர்ஸா இஸ்மாயில் நிருவாகத்தில் இருந்த மைசூர் அரசு நிலமும் தந்தது. முதலிலும் பங்கு கொண்டது. உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் வரையப்பட்ட ஹார்லோ என்னும் பயிற்சி விமானத்தின் உறுப்புகள் பெங்களூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றை இணைத்து முடித்த முதல் விமானம் 1941 ஆகஸ்டில் வானில் எழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கர்ட்டிஸ் ஹாக் என்னும் போர் விமானமும் அவ்வாறே பறந்தது.

இவற்றை இந்திய விமானங்கள் எனல் தகுமா என்று கேட்கலாம். வரைபடம் அயலாருடையது, உலோகத் தகடு அயலாருடையது, எஞ்சினும் அயலாருடையதே. ஆயினும் ஆணி அடித்த கை நம்முடையது. ஓர் இறக்கையை உடலோடு பூட்டும்போது அது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், அக்கோணம் சிறிது பிறழ்ந்தால் விமானம் எப்பக்கம் சாயும், எந்தத் திருகாணியைத் தளர்த்தினால் அச்சாய்வு நீங்கும் என்பனவெல்லாம் அந்தக் கைகளுக்குத் தெரிய வந்தன. இவ்வகை அறிவு ஏட்டில் ஓரளவே எழுதப்படுவது. எஞ்சியது கைப்பழக்கத்தில் தங்குவது.

கைப்பழக்கம் மட்டும் இருந்திருப்பின் பெங்களூர் பூட்டும் கொட்டகையாகவே நின்றிருக்கும். கணக்கறிவும் உடன் வந்து சேர்ந்ததே அந்நகரின் நற்பேறு. 1942-ஆம் ஆண்டு இறுதியில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கப்பெற்றது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிராண்டில் என்னும் பேரறிஞரிடம் பயின்ற வி. எம். காட்கே. 10 பேர் அமரத்தக்க சறுக்கு விமானம் ஒன்றை அவர் போர்க்காலத்திலேயே வரைந்தார். பின்னர் அவர் தலைமையில் வரையப்பட்ட எச்.டி.-2 என்னும் இருவர் அமரும் பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. ஹார்லோ பறந்ததற்கும் எச்.டி.-2 பறந்ததற்கும் இடையே சரியாகப் 10 ஆண்டுகள். நம் விமானப்படை பல்லாண்டு அதில் பயிற்சி பெற்றது. ஆப்பிரிக்காவின் கானா நாடும் தன் விமானப்படைக்கு அதனை வாங்கிற்று. எஞ்சின் மட்டும் அப்போதும் இங்கிலாந்திலிருந்தே வந்தது. பெட்டியைக் கடப்பது ஒரே நாளில் நிகழ்வதன்று என்பதற்கு இதுவும் சான்று.

இத்தொழிலில் தமிழர்க்கும் பங்குண்டு. விமானபுரா என்று பெயர் பெற்ற அத்தொழிற்சாலைப் பகுதிக்கும் அல்சூர் முதலிய பேட்டைகளுக்கும் தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழில் தேடி வந்த குடும்பங்கள் பல. குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் விமானப் பொறியியல் கற்ற இராமேசுவரத்து இளைஞர் ஒருவரும் பயிற்சிக்காகப் பெங்களூர்த் தொழிற்சாலைக்கு வந்து, எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டும் பணியில் ஈடுபட்டார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்தான் அவர். பின்னர், 1959-இல் பெங்களூரில் அமைந்த விமான வளர்ச்சி நிறுவனத்தில் காற்று மெத்தையின் மேல் மிதந்து செல்லும் ஊர்தி ஒன்றை வடிவமைக்கும் சிறு குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். 'நந்தி' எனப் பெயரிடப்பட்ட அவ்வூர்தி ஓடியது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறிச் சென்றார். அமைச்சர் பதவி விலகிய பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஊர்தி நின்றாலும், பிறர் வரைபடம் இன்றித் தாமே வரைந்து செய்த துணிவு அவரிடம் நின்றுவிட்டது.

இனி, விமானத்தை ஓட்டுபவன் அதற்குள் இராமல் தரையில் நின்றே ஓட்டும் கலை எவ்வாறு தோன்றியது என்பதைக் காண்போம். 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரத்து அரங்கொன்றில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகைக் கம்பித் தொடர்பின்றி, மின் அலைகளால் திருப்பிக் காட்டினார். 1935-இல் இங்கிலாந்தில், பீரங்கிப் படையினர் குறி பார்த்துச் சுட்டுப் பழகுவதற்காக, ஆளில்லாமல் பறக்கும் 'குயீன் பீ' என்னும் விமானம் உருவாயிற்று. ராணித் தேனீ என்பது அப்பெயரின் பொருள். ஆண் தேனீயைக் குறிக்கும் 'ட்ரோன்' என்னும் சொல் ஆளில்லா விமானங்களுக்கு வழங்கியது அதனையொட்டியே என்பர்.

அரசுகள் இவ்வாறு முயன்றுகொண்டிருந்தபோது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் இருவர் தம் பொழுதுபோக்காகவே அதே செயலைச் செய்தனர். ஒருவர் மாதிரி விமானம் கட்டுவதில் வல்லவர். மற்றவர் வானொலிக் கருவிகளில் வல்லவர். 1937-இல் அவர்கள் பறக்கவிட்ட 'கஃப்' என்னும் மாதிரி விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே காலத்தில் ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி மாதிரி விமானப் பெட்டிகளை விற்கும் கடை ஒன்றை நடத்தினார். அக்கடையிலிருந்து வளர்ந்த ரேடியோபிளேன் என்னும் கம்பெனி, போர்க்காலத்தில் ஏறத்தாழ 15,000 ஆளில்லா இலக்கு விமானங்களை அமெரிக்கப் படைகளுக்குச் செய்து கொடுத்தது. அத்தொழிற்சாலையில் பணிபுரிந்த இளம்பெண் ஒருத்தியை இராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படமெடுத்தார். அவளே பின்னாளில் மர்லின் மன்றோ எனப் புகழ்பெற்றாள். விளையாட்டுப் பெட்டிக்கும் போர்க்கருவிக்கும் இடையே எத்துணைச் சிறிய தூரம் இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

குயீன் பீ பறந்த அதே 1935-ஆம் ஆண்டில், மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்தில் வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்திலிருந்தே நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் வானலைக் கருவியைக் கையாளும் உரிமை எளிதில் கிட்டுவதாக இருக்கவில்லை. 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் இன்றி அத்தகைய கருவியை வைத்திருத்தல் குற்றம். வீட்டில் பாட்டுக் கேட்கும் வானொலிப் பெட்டிக்கும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திய காலத்தை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். கேட்கும் பெட்டிக்கே உரிமம் வேண்டுமெனில், அலைகளை அனுப்பும் கருவியைப் பற்றிக் கூறவேண்டா. ஆகவே நம் நாட்டில் மாதிரி விமானக் கலை நெடுங்காலம் கைவிட்டுப் பறக்கும் சறுக்கு விமானங்களாகவும், கம்பியில் கட்டிச் சுழற்றும் விமானங்களாகவுமே பெரும்பாலும் நிலவியது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு அதனைப் பாடமாகவே கற்பித்து வந்துள்ளது.

பெட்டியிலிருந்து விமானம் கட்டும் முறையைச் சற்று விளக்குவோம். தென்னமெரிக்காவில், சிறப்பாக ஈக்குவடார் நாட்டில் விளையும் பால்சா என்னும் மரம் தக்கைபோல் இலேசானது, ஆயினும் உறுதியுள்ளது. இறக்கையின் குறுக்குவெட்டு வடிவில் அம்மரத்தகட்டில் வெட்டிய விலாத் துண்டுகளை, நீண்ட மரச்சட்டம் ஒன்றில் சம இடைவெளியில் நிறுத்தி ஒட்டுவர். வரைபடத்தை மேசைமேல் விரித்து, அதன்மீது மெழுகுத் தாளிட்டு, குண்டூசிகளால் துண்டுகளைக் குத்தி நிறுத்தி, கோந்து உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். பொறுமையிழந்து முன்னரே எடுப்பின் இறக்கை முறுகிவிடும். முறுகிய இறக்கை ஒருபுறம் மிகுதியாகவும் மறுபுறம் குறைவாகவும் தூக்கும். விமானம் நேரே செல்லாது.

எலும்புக்கூடு முடிந்தபின் மெல்லிய தாளோ, பட்டோ, சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் படலமோ போர்த்துவர். பின்னர் மின்மோட்டாரும், மின்கலமும், அலைகளை வாங்கும் ரிசீவரும், சர்வோ என்னும் சிறு பொறிகளும் உள்ளே அமையும். தரையில் நிற்பவர் கைக்கருவியின் குச்சியை அசைத்தால், அவ்வசைவு அலையாகச் சென்று ரிசீவரை அடைந்து சர்வோவைத் திருப்பும்; சர்வோ ஒரு கம்பியைத் தள்ள, வாலின் மடலோ இறக்கையின் மடலோ சாயும். இறுதியாக எடையைச் சமன்செய்தல் வேண்டும். இறக்கையின் முன் ஓரத்திலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையுள்ள இடத்தில், விரல் நுனிகளில் விமானம் சமநிலையில் நிற்கவேண்டும். வால் கனத்த விமானம் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து விழும். இவ்வொரு விதியைப் பாடப்புத்தகத்தில் படித்தவர் மறக்கலாம். தாம் கட்டியது விழக் கண்டவர் மறவார்.

ஓட்டுவதிலும் இரண்டு இடர்கள் உண்டு. விமானம் நம்மை விட்டு அகலும்போது அதன் வலமும் நம் வலமும் ஒன்றே. நம்மை நோக்கித் திரும்பிவரும்போது அதன் வலம் நமக்கு இடமாகிவிடும். இது முதலாவது இடர். தரையில் நின்று பார்ப்பவனுக்கு விமானம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது எளிதில் விளங்காமை இரண்டாவது. இவ்விரண்டாவது இடர் பெரிய விமானங்களையும் விட்டுவைக்கவில்லை என்பதைச் சிறிது நேரத்தில் காண்போம்.

பெங்களூர் விமான வளர்ச்சி நிறுவனம் நம் படைகளின் குறிப்பயிற்சிக்காக 'லக்ஷ்யா' என்னும் ஆளில்லா இலக்கு விமானத்தை உருவாக்கியது. லக்ஷ்யா என்றால் இலக்கு. 1985-இல் முதலில் பறந்த அது, 2000-இல் விமானப்படையில் முறைப்படி சேர்ந்தது. ராக்கெட்டின் உந்துதலால் எழுந்து, பணி முடிந்தபின் பாராசூட்டில் இறங்கும். நிலத்தில் மோதும் அதிர்ச்சியைத் தான் நசுங்கி ஏற்கும் மூக்குக்கூம்பு அதற்கு உண்டு. தொடக்கத்தில் பிரெஞ்சு எஞ்சின் பொருத்தப்பட்டது. பின்னர் பெங்களூரிலேயே செய்த எஞ்சின் அதன் இடத்தைப் பெற்றது. 1995-இல் பறந்த 'நிஷாந்த்' என்னும் வேவு விமானத்தின் கதையும் அத்தகையதே. அயல்நாட்டுச் சுழல் எஞ்சினுடன் தொடங்கிய அது, 2009-இல் நம் நாட்டில் செய்த சுழல் எஞ்சினுடன் கோலாரில் பறந்தது. கோலார் என்றதும் தங்கச் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர் நம் நினைவுக்கு வருவர். அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன.

பெட்டிக்கும் சொந்த வரைவுக்கும் உள்ள உறவை மிகத் தெளிவாகக் காட்டும் விமானம் 'ருஸ்தம்-1' ஆகும். அமெரிக்கரான பர்ட் ருட்டான் இளமையில் மாதிரி விமானங்கள் கட்டித் தேர்ந்தவர். 1979-இல் அவர் 'லாங்-ஈஸி' என்னும் சிறு விமானத்தை உருவாக்கி, அதன் வரைபடங்களை எவரும் வாங்கித் தம் வீட்டிலேயே கட்டிக்கொள்ளுமாறு விற்றார். நுரைக்கட்டியைச் சூடான கம்பியால் அறுத்து, கண்ணாடி இழைத் துணியைப் பிசின் தடவிப் போர்த்துவது அவர் முறை. சிறு இறக்கை முன்னும், பெரிய இறக்கையும் எஞ்சினும் பின்னுமாக அமைந்த வடிவம் அது. பெங்களூர்த் தேசிய விமான ஆய்வுக்கூடத்தில் ருஸ்தம் தமானியா என்னும் அறிஞரின் தலைமையில் இயங்கிய குழு அவ்வடிவத்தை மேற்கொண்டு, 1987-இல் ஓர் ஆய்வு விமானத்தைப் பறக்கவிட்டது. உலோகமின்றி இழைப்பொருளால் விமான உடலைச் செய்யும் பழக்கம் அக்குழுவினர்க்கு இதனால் வாய்த்தது. 1993-இல் அதே ஆய்வுக்கூடம் தன் சொந்த வடிவமாகிய 'ஹன்ஸா' என்னும் இழைப்பொருள் விமானத்தைப் பறக்கவிட்டது.

தமானியா 2001-இல் காலமானார். அவருடைய ஆய்வு விமானத்தின் வடிவத்திலிருந்து, விமான வளர்ச்சி நிறுவனத்தார் ஓட்டுபவனை நீக்கி, வானலைக் கட்டளையால் இயங்கும் விமானம் ஒன்றை உருவாக்கி, அவர் பெயரையே அதற்குச் சூட்டினர். அதன் சோதனைக்குத் தேர்ந்த இடம் தமிழ்நாட்டின் எல்லைக்குள், ஓசூருக்கு அருகில் உள்ள தனியார் விமானத் தளமாகும். 2009 நவம்பர் 16 அன்று ருஸ்தம்-1 அங்கு முதன்முதலாக எழுந்தது. திட்டப்படி எழுந்த விமானம் இறங்குகையில் நொறுங்கியது. உயரத்தைக் கணித்ததில் பிழை நேர்ந்து, தரையிலிருந்து சென்ற கட்டளையால் எஞ்சின் நிறுத்தப்பட்டதே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. மைதானத்தில் சிறு விமானம் ஓட்டும் சிறுவனுக்கு நேரும் அதே இடர், தேர்ந்த பொறியியலார்க்கும் நேர்ந்தது. ஓராண்டு திருத்தங்களுக்குப்பின், 2010 அக்டோபரில், ஓடுபாதையின் ஓரத்தில் நின்ற இராணுவ விமானி ஒருவர் தம் கண்ணையும் கைக்கருவியையும் துணைக்கொண்டு அதனை இயக்கினார். 3,000 அடி உயரத்தில் அரைமணி நேரம் பறந்து அது நலமே இறங்கியது.

பெரியன மட்டுமன்றி மிகச் சிறியனவும் பெங்களூரில் உருவாயின. தேசிய ஆய்வுக்கூடத்தாரும் விமான வளர்ச்சி நிறுவனத்தாரும் கூடிச் செய்த 'பிளாக் கைட்', 'கோல்டன் ஹாக்' என்பன ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலமும் 300 கிராம் எடையும் உள்ளவை. அளவால் அவை மாதிரி விமானங்களே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? பெட்டியில் தொடங்குவது இழிவன்று. அமெரிக்கப் பெட்டியைத் திறந்த கைகள் எச்.டி.-2 செய்தன, அயலார் வரைபடத்தைப் பின்பற்றிய குழு ஹன்ஸா செய்தது. ஆனால் இவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு வினாவைக் கேட்டனர்: 'இத்துண்டு ஏன் இவ்வடிவில் இருக்கிறது?' அவ்வினாவைக் கேளாதவர் நூறு பெட்டிகளை ஒட்டினும் ஒட்டுபவராகவே இருப்பர்.

வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், பிறந்தநாள் பரிசாக இத்தகைய பெட்டியைப் பிள்ளைக்கு வாங்கித் தரும் பெற்றோர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் நன்று. முழுதும் கட்டி முடித்து விற்கும் விமானத்தைவிட, கட்டவேண்டிய பெட்டியே கல்விக்கு உகந்தது. பெண் பிள்ளைகளுக்கும் இதில் சம உரிமை உண்டு. பறக்கவிடுமுன் இடத்தை ஆராய்தல் வேண்டும். 2021-இல் வெளியான ட்ரோன் விதிகள் நாட்டின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துள்ளன. பெங்களூரைப் போல் விமானத் தளங்கள் பல சூழ்ந்த நகரில் அவ்வரைபடத்தைப் பார்த்துச் செல்வதும், பழகியவர் ஒருவரின் துணையை நாடுவதும் கடமையாகும். மக்கள் கூடும் இடங்களும் மின்கம்பிகள் செல்லும் இடங்களும் தவிர்க்கத்தக்கன.

முதல் விமானம் உடைந்தால் வருந்தவேண்டா. உடைந்த விலாத் துண்டினைத் தாளின்மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அவ்வடிவில் புதுத்துண்டு ஒன்றைத் தன் கையாலேயே வெட்டுமாறு பிள்ளைக்குச் சொல்லுக. அதற்கடுத்த விமானத்தில் இறக்கையை ஓர் அங்குலம் நீட்டி வரையச் சொல்லுக. அது எவ்வாறு பறக்கிறது என்று குறித்து வைக்கச் சொல்லுக. பெட்டியில் வந்த வரைபடத்தின் அருகே பிள்ளையின் கையால் வரைந்த தாள் ஒன்றும் அலமாரியில் சேருமாயின், அப்பரிசுக்குச் செலவிட்ட பொருள் வீண்போகவில்லை என்று நாம் மகிழலாம்.